கரிசல் காட்டை விட்டுக் கேரளத்துக்குக் குடிபோகிறோம்: எந்த ஊர்ப் பக்கம் பார்க்கலாம்?

சாத்தூர்க் கரிசல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர் எனக்கு. வயது 44. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். அப்பா காலத்தில் பருத்தியும் கம்பும் போட்டோம், என் காலத்தில் மக்காச்சோளமும் உளுந்தும். ஆழ்துளைக் கிணறு இரண்டு தடவை போட்டாயிற்று. முதல் தடவை 420 அடியில் உப்புத் தண்ணீர். இரண்டாவது தடவை 780 அடி வரை போய் வெறும் புகைதான் வந்தது. அந்தக் கடனை அடைக்கவே நாலு வருஷம் போய்விட்டது.

வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். இரண்டு ஏக்கரைக் கொடுத்துவிட்டு, குலசாமி கோயில் பக்கம் இருக்கிற ஒரு ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு, கேரளத்தில் ஒரு கிராமத்தில் கொஞ்சம் இடம் வாங்கிக் குடியேறலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி (தையல் நன்றாகத் தெரியும்), ஏழாவது படிக்கிற மகள், அம்மா. அம்மாவுக்கு எழுபது ஆகிறது, சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி. பன்னிரண்டு வெள்ளாடு வைத்திருக்கிறோம். அவற்றையும் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசை.

தரகர் மூன்று இடம் சொல்லியிருக்கிறார். வயநாட்டில் புல்பள்ளி பக்கம் ஒரு ஏக்கர், காப்பியும் மிளகும். பாலக்காட்டில் மண்ணார்க்காடு பக்கம் 60 சென்ட், பழைய ஓட்டு வீட்டோடு, பாக்கும் தென்னையும். மூன்றாவது சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. மார்கழியில் மூன்றையும் ஒரே நாளில் காரில் சுற்றிப் பார்த்தோம். மூன்றுமே எங்கள் கண்ணுக்குச் சொர்க்கமாகத்தான் தெரிந்தன.

எது நல்ல மழை பெய்கிற இடம்? வெளியூர்க்காரனை ஏற்றுக்கொள்கிற ஊர் எது? மலையாளம் எங்களில் யாருக்கும் தெரியாது. அங்கே குடியேறி வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். அவசரம் இல்லை, ஆனால் இன்னொரு தடவை ஏமாற எங்களிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

கொழிஞ்சாம்பாறைக் காற்று

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், அதனால் எங்கள் ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் மழைக்காக வருவதாக இருந்தால் இங்கே வராதீர்கள். கேரளம் என்று பலகை இருக்கும், ஆனால் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் மழை நிழல் பஞ்சாயத்துகள். மேற்கே மழை கொட்டும் நாளில் எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும். ஆடி மாதம் துணி காயும், மழை இருக்காது. எருத்தேம்பதியில் மண்கூடச் சில இடத்தில் உங்கள் ஊர் மாதிரிக் கறுப்புத்தான். ஆழ்துளைக் கிணறு போட்டுப் புகை பார்த்தவர்கள் இங்கேயும் வீட்டுக்கு ஒருவர் உண்டு.

எங்கள் தாலுகா நிற்பது பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீரில். ஒப்பந்தப்படி தமிழ்நாடு எங்களுக்கு மணக்கடவு தடுப்பணையில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும். அது எப்போது வரும், கால்வாயின் கடைசி வரை வருமா என்பதுதான் இங்கே எல்லாருடைய பேச்சும். நீங்கள் பார்த்த தோப்பு கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறதா, தலைமடையா கடைமடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரகர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

மற்றபடி பாஷைப் பிரச்சினை துளியும் இல்லை. கடையில், பஸ்ஸில், பஞ்சாயத்தில் எல்லாம் தமிழ் ஓடும். தமிழ் வழிப் பள்ளிக்கூடம் உண்டு. பொள்ளாச்சியும் பக்கம்தான். அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்குக் குறை இருக்காது. மழையை விட அது முக்கியம் என்று நினைத்தால் வாருங்கள், நல்ல ஊர்.

குந்திப்புழைக் கரை

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தபோது பழைய நான் எழுதியது போல இருந்தது. 2013-இல் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்து மண்ணார்க்காட்டுக்கு மேலே, மலையடிவாரத்தில் 50 சென்ட் வாங்கினேன். நீங்கள் பார்த்திருக்கிற இரண்டாவது இடம் என் ஊருக்குப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மார்கழியில்தான் வந்து பார்த்தேன். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை முடிந்த கையோடு எல்லாம் பச்சையாக இருந்தது. கிணற்றில் எட்டிப் பார்த்தால் கைக்கு எட்டுகிற மாதிரித் தண்ணீர். எங்கள் ஊரில் அப்படி ஒரு கிணற்றை நான் சின்ன வயதில் பார்த்ததோடு சரி. அங்கேயே மனதுக்குள் கிரயம் பேசிவிட்டேன். தை முடிவதற்குள் பத்திரம் பதிந்தாயிற்று. பங்குனி பத்தாம் தேதி வாக்கில் வாளியை விட்டால் "டங்" என்று பாறையில் மோதுகிற சத்தம் கேட்டது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள், நான் கிணற்றைப் பார்த்தேன். வருஷத்துக்கு 3,000 மி.மீ. மழை பெய்கிற மாநிலத்துக்கு வந்துவிட்டு, ஜீப்பில் வைத்துத் தண்ணீர் வாங்கினோம்.

ஏன் அப்படி என்பது அப்புறம்தான் புரிந்தது. இந்தப் பக்கத்து மண் வெட்டுக்கல் மண். நம் ஊரில் செம்பாறாங்கல் என்பார்களே, அதுதான். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். பெய்கிற மழையைச் சட்டென்று குடிக்கும், அதே வேகத்தில் பள்ளத்துக்குக் கசியவிட்டுவிடும். கரிசல் மண் ஒரு மழையை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்குமே, அந்தக் குணம் இதற்குக் கிடையாது. ஆறுகளும் அப்படித்தான். இங்கே 44 ஆறு, அதில் 41 மேற்கே ஓடுகின்றன, மலைக்கும் கடலுக்கும் நடுவே தூரமே இல்லை. ஆனியிலும் ஆடியிலும் பெய்ததில் பெரும்பகுதி ஆவணிக்குள் கடலுக்குப் போய்விடும்.

ஆகவே நல்ல மழை எங்கே என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். சித்திரையில் எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள். மார்கழியில் போனாலும் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. கிணற்றுச் சுவரைப் பாருங்கள். தண்ணீர் வருஷம் முழுக்க ஏறி இறங்குகிற பகுதியில் பெரணிச் செடியும் பாசியும் ஒரு மாதிரி இருக்கும், எப்போதும் முங்கியே இருக்கிற இடத்தில் கல் வேறு நிறமாக, வழவழப்பாக இருக்கும். அப்புறம் கப்பியில் தொங்குகிற கயிற்றை முழுதாக அவிழ்த்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பத்து அடிக் கயிறு போதும். அந்த வீட்டுக்காரர் நாற்பது அடிக் கயிறு கட்டி வைத்திருந்தால், கோடையில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கயிறே சொல்லிவிடும். சுற்றிவைத்திருக்கிற மிச்சக் கயிறு புதுசாக வெளுப்பாக இல்லாமல் கறுத்துத் தேய்ந்து இருந்தால் வருஷா வருஷம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்று அர்த்தம். நான் வாங்கிய வீட்டில் கயிறு அப்படித்தான் இருந்திருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இப்போது எங்கள் கிணறு சித்திரையிலும் ஆறு அடி நிற்கிறது. கூரைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, மணலும் கரியும் ஜல்லியும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விடுகிறோம். திருச்சூர் மாவட்டத்தில் மழைப்பொலிமா என்று 2008-இல் ஆரம்பித்த திட்டம் இதே முறைதான், போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்தேன். சரிவில் பாக்கு மரங்களுக்கு நடுவே குழிகள் வேறு. நாலு மழைக்காலம் ஆயிற்று பலன் தெரிய.

அடுத்தது பத்திரம். இதில் நம் ஊர்க்காரர்கள் விழுகிற குழி ஒரே ஒரு வார்த்தை. நமக்கு நிலம் என்றால் எந்த நிலமும் நிலம்தான். இங்கே பத்திரத்தில் "நிலம்" என்று எழுதியிருந்தால் அது நெல் வயல். வீடு கட்டுகிற மேட்டுப் பூமிக்கு "புரயிடம்" என்று எழுதியிருக்கும். 2008-இல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வயலை நிரப்பவோ அதில் வீடு கட்டவோ சுலபத்தில் முடியாது. என் வீட்டுக்குக் கீழே ஒரு துண்டு. பாக்கு மரம் நிற்கிறது, சமமாக இருக்கிறது, ரோட்டோரம். தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். பத்திரத்தில் "நிலம்", வயல்களின் அரசுப் பட்டியலான டேட்டா பேங்கிலும் வயல் என்றே இருந்தது. அதை மாற்ற மனு போட்டு அலைந்து, கடைசியில் ஊருக்கே திரும்பிவிட்டார். மரம் நிற்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிருஷி பவனில் (வேளாண்மை ஆபீஸ்) டேட்டா பேங்க் கேட்டுப் பாருங்கள். வில்லேஜ் ஆபீஸில் தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) யார் பேரில் இருக்கிறது, கரம் (நிலவரி) கட்டிய ரசீது இந்த வருஷத்தது இருக்கிறதா, முன்னாதாரம் (முந்தின பத்திரம்) கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிந்தபின் "போக்குவரவு" செய்ய மறக்காதீர்கள். நம் ஊரில் பட்டா மாற்றுவது என்கிறோமே, அதுதான். அப்புறம் வழி. ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் உள்ள பாதை பத்திரத்தில் இருக்கிறதா, பக்கத்துக்காரர் பெருந்தன்மையில் ஓடுகிறதா? இதற்காகவே தலைமுறையாக வழக்கு நடத்துகிற குடும்பங்கள் எங்கள் வார்டில் இருக்கின்றன.

இனி மனிதர்கள். நீங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான் என்று தோன்றுகிறது.

நம் ஊர் தெரு தெருவாக இருக்கும். காலையில் வாசல் தெளிக்கும்போதே நாலு பேர் முகத்தைப் பார்த்துவிடலாம். இங்கே தெரு கிடையாது. ஒவ்வொரு வீடும் அதனதன் தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும். ஆடி மழையில் பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியாது. முதல் வருஷம் என் மனைவி அழுததெல்லாம் மழைக்காக இல்லை, ஆள் முகம் பார்க்க முடியாததற்காக. "இது ஊரா, காடா?" என்று கேட்பாள். ஊர் இருந்தது, வேறு இடத்தில் இருந்தது. டீக்கடையில், வாயனசாலை என்கிற படிப்பகத்தில், பால் ஊற்றுகிற சங்கத்தில், பள்ளிவாசல் வாசலில், வார்டு கிராமசபையில். அதெல்லாம் தெரிய எங்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. பக்கத்து வீட்டு அம்மா அவளைக் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கு (பெண்கள் சுயஉதவிக் குழு) கையைப் பிடித்துக் கூட்டிப்போன பிறகுதான் மாறியது. வீட்டுக்கு ஒரு பெண், பத்துப் பதினைந்து வீடு, வாரத்துக்கு ஒரு நாள் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காருவார்கள். சேமிப்பு, கடன், யார் வீட்டில் உடம்பு சரியில்லை, எல்லாம் அங்கே பேச்சு. என் மனைவி மலையாளம் கற்றது அந்தத் திண்ணைகளில்தான். உங்கள் மனைவிக்குத் தையல் தெரியும் என்கிறீர்கள். ரவிக்கை நன்றாகத் தைக்கத் தெரிந்த பெண்ணை எந்த அயல்கூட்டமும் விடாது.

2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்த வாரம் எங்கள் பாதையில் ஒரு பெரிய பலா சாய்ந்து கரண்ட் கம்பியோடு விழுந்தது. ராத்திரி மணி இரண்டு இருக்கும். நான் டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் நாலு பேர் மழைக்கோட்டோடு நிற்கிறார்கள், ஒருவர் கையில் மரம் அறுக்கிற மிஷின். எங்கள் வீட்டில் அப்போது என் மாமியார் மூச்சுத் திணறலோடு படுத்திருந்தார். அது அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் வந்தார்கள். மரத்தை வெட்டி வழி எடுத்து, ஜீப் கொண்டுவந்து, தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, விடிந்ததும் ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அதற்கு முன் அவர்களில் இரண்டு பேரிடம் நான் பேசியதே இல்லை.

இதை எப்படி முன்கூட்டியே பார்ப்பது? ஒரு நாள் காரில் சுற்றினால் தெரியாது. வாடகைக்கு ஒரு வீடு எடுத்து ஆடியில் ஒரு மாதம் இருங்கள். கர்க்கடகம் என்பார்கள். பத்தாம் நாள் வரை கரிசல்காட்டு மனதுக்குத் திருவிழாவாக இருக்கும். இருபதாம் நாள் தலையணையில் ஈர வாசம், செருப்பில் பூஞ்சை, அப்பாவின் போட்டோ கண்ணாடிக்குள்ளேயே வெள்ளை பூத்துவிடும், கால் விரலிடுக்கில் அட்டை. அப்போதும் அங்கே இருக்க மனம் வருகிறதா என்று பாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள். அப்புறம் பங்குனியில் பத்து நாள். இந்த இரண்டு மாதத்தையும் பார்க்காமல் தயவுசெய்து முன்பணம் கொடுக்காதீர்கள்.

புல்பள்ளியில் காப்பி பறித்தவன்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. வயநாடு பற்றி மட்டும் சேர்க்கிறேன். புல்பள்ளி, முள்ளன்கொல்லி பக்கம் நாலு சீசன் காப்பி பறித்திருக்கிறேன். ஒரே மாவட்டம்தான், ஆனால் மேற்கே லக்கிடி, வைத்திரியில் மழை பொத்துக்கொண்டு ஊற்றும்போது கிழக்கே கபினி ஓரத்தில் வறட்சி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் மிளகால் வாழ்ந்த ஊர். வாட்ட நோய் வந்து கொடிகள் போனபின் கடனில் விழுந்த குடும்பங்கள் நிறைய. யானையும் பன்றியும் உண்டு. மக்கள் உழைப்பாளிகள், அன்பானவர்கள். ஆனால் மிளகுக் கொடியைப் பார்த்துப் பழகாதவர் ஒரு ஏக்கரை நம்பி வயதான அம்மாவோடு அங்கே போவதை நான் சொல்ல மாட்டேன்.

இடம் பெரிய எஸ்டேட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கிற துண்டாக இருந்தால் கூடுதல் கவனம். நில உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்த தோட்டப் பூமியைத் துண்டு போட்டு விற்பதில் சிக்கல் இருக்கிறது. அது ஆதிவாசிகள் கையிலிருந்து போன பூமி இல்லை என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

மூணாறு லயத்து மகள்

நான் மூணாற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயம் என்போம், அதில் பிறந்த தமிழ்ப் பெண். இப்போது தொடுபுழையில் பள்ளிக்கூட வேலை. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது சரிவு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயத்தின் மேல் மலை இறங்கியது. 70 பேர். எல்லாரும் நம் ஆட்கள். அதற்கு முந்தின வருஷம் கவளப்பாறை, புத்துமலை. 2024 ஜூலை 30 முண்டக்கை, சூரல்மலை. ஒவ்வொரு தடவையும் பெருமழையில்தான் மலை இறங்கியது என்று கேட்டுக்கேட்டு, மழை ஓட்டில் விழுகிற சத்தம் மாறினால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது. மலையடிவாரத்தில் வீடு பார்க்கும்போது வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். மேலே ஓடை வந்து சரிவில் இறங்குகிற நேர் கோட்டில் வீடு இருக்கக் கூடாது. மண்ணை வெட்டி எடுத்த செங்குத்தான மேட்டை ஒட்டியும் வேண்டாம். ஊர்ப் பெரியவர்களிடம் "இங்கே உருள்பொட்டியிருக்கிறதா?" (மலை சரிந்திருக்கிறதா) என்று நேரடியாகக் கேளுங்கள், மறைக்க மாட்டார்கள். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிலச்சரிவு அபாயப் பகுதிகளின் வரைபடம் வைத்திருக்கிறது, அதில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். குடியேறிய பிறகும், தரையில் புதிதாக விரிசல், இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கல், இதில் எது தெரிந்தாலும் சாமானை எடுக்க நிற்காமல் கிளம்ப வேண்டும். குந்திப்புழை அண்ணன் கிணற்றைப் படிக்கச் சொன்னார். மலையையும் படித்துவிடுங்கள்.

தரகர் நாளைக்கு இடுக்கிப் பக்கம் ஏதாவது காட்டினால் பட்டயம் (அரசு கொடுத்த நில உரிமைப் பத்திரம்) எந்த விதியில் கொடுத்தது என்று கேளுங்கள். 1964 விதிப்படி கொடுத்ததில் விவசாயமும் குடியிருப்பும்தான். 2023-இல் சட்டசபையில் திருத்தம் வந்தது, ஆனாலும் வக்கீல் ஒருவர் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இரண்டாவது உங்கள் மகள். தமிழ் வழிப் பள்ளி சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பக்கங்களில் உண்டு, மண்ணார்க்காட்டில் அவள் மலையாளத்தில் உட்கார வேண்டியிருக்கும். 2017 சட்டப்படி பத்தாவது வரைக்கும் எல்லாப் பள்ளியிலும் மலையாளம் படித்தே ஆக வேண்டும். ஏழாவது முடித்த பிள்ளை கற்றுக்கொள்வாள், எழுத்துதான் கொஞ்சம் கஷ்டம், பேச்சு ஆறு மாதத்தில் வந்துவிடும். இந்தக் கோடை விடுமுறையிலேயே எழுத்தைத் தொடங்கிவிடுங்கள். இன்னொன்று, மனதைத் தயார் செய்துகொள்ளச் சொல்கிறேன். "பாண்டி" என்று யாராவது ஒரு பிள்ளை கூப்பிடும், தமிழர்களை இளக்காரமாகச் சொல்வது. நான் கேட்டு வளர்ந்த வார்த்தை. அன்றைக்கு அவள் அழுதுகொண்டு வந்தால், மறுநாளே நீங்கள் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான ஆசிரியர்கள் அதைச் சும்மா விட மாட்டார்கள். நானும் விடுவதில்லை.

அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். பஞ்சாயத்து பாலியேட்டிவ் என்று உண்டு, படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் வீட்டுக்கு நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வார்டில் அது எப்படி நடக்கிறது என்று ஆஷா வொர்க்கரிடம் விசாரியுங்கள். சேற்றில் வேலை செய்யப் போகிறீர்கள், எலிக்காய்ச்சல் மாத்திரையைப் பற்றி ஆரோக்கிய கேந்திரத்தில் மழைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் சொந்த வைத்தியம் கூடாது.

சாத்தூர்க் கரிசல்

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அம்மாவுக்கும் மனைவிக்கும் முழுதாக வாசித்துக் காட்டினேன். அந்தப் பலா மரம் விழுந்த இடத்தில் அம்மா என்னை நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

இன்று காலையில் தரகரிடம் மண்ணார்க்காட்டு இடத்துப் பத்திர நகல் கேட்டு வாங்கினேன். 60 சென்ட்டில் 38 சென்ட் "புரயிடம்", மிச்சம் 22 சென்ட் "நிலம்" என்று இருக்கிறது. வீடு புரயிடத்தில்தான் வருகிறது என்கிறார். தரகர் சொல்லை மட்டும் வைத்து நம்பப் போவதில்லை. புல்பள்ளியை விட்டுவிட்டோம்.

ஆடியில் ஒரு மாதம் தங்கிப் பார்ப்பதாக முடிவு. ஆடுகளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மனைவிக்கு அவை பிள்ளைகள் மாதிரி. அதையும் சொல்லுங்கள்.

குந்திப்புழைக் கரை

தம்பி, அந்த 22 சென்ட் வயல் இருப்பது குறை இல்லை. வீடு புரயிடத்தில் இருந்தால், கீழே வயல் இருப்பது கிணற்றுக்கு நல்லது. வயலை வயலாக வைத்திருங்கள். பக்கத்தில் யாராவது நெல் போடுகிறார்களா என்று பாருங்கள், அவர்கள் போடுகிற வரைக்கும் உங்கள் கிணற்றிலும் ஊறும். விலை பேசும்போது மட்டும் அந்த 22 சென்ட்டுக்குப் புரயிட விலை கொடுத்துவிடாதீர்கள். சர்வே ஸ்கெட்ச் எடுத்து, வீட்டு மூலை எந்தப் பக்கம் விழுகிறது என்று அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆடுகளை இந்த ஆடியில் கொண்டுவர வேண்டாம். கரிசல்காட்டு வெள்ளாடு ஈரத் தரையில் பத்து நாள் நின்றால் குளம்பு அழுகிவிடும், சளி பிடிக்கும். நான் கொண்டுவந்த ஏழில் நாலு முதல் மழையிலேயே போய்விட்டன. இங்கே ஆட்டுக்கூடு தரையிலிருந்து நாலடி உயரத்தில் பலகை அடித்துக் கட்டுவார்கள். பலகைக்கு நடுவே விரலளவு இடைவெளி, புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆட்டின் கால் எப்போதும் காய்ந்தே இருக்கும். முதலில் கூடு, அப்புறம் ஆடு. வரும்போதும் இரண்டு பெட்டை ஆட்டை மட்டும் தை மாதத்தில் கொண்டுவந்து, வெயில் காலம் முழுக்கப் பழக்கி மழைக்குள் விடுங்கள். கிடாய் இங்கேயே மலபாரி இனத்தில் ஒன்று பார்த்துக்கொள்ளலாம். அதன் குட்டிகள் இந்த ஈரத்துக்குப் பிறந்தவையாக இருக்கும். மற்றவற்றை ஊரில் நம்பிக்கையான ஒரு ஆளிடம் குட்டியில் பங்கு என்று வாரத்துக்கு விட்டுவிட்டு வாருங்கள் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள், விற்க வேண்டாம்.

வாடகைக்கு வீடு நான் விசாரிக்கிறேன். தனி வீடாக வேண்டாம், அயல்கூட்டம் கூடுகிற வீட்டுக்குப் பக்கமாகப் பார்க்கிறேன். ஓட்டு வீடாக இருந்தால் அடுப்படிக்கு மேலே பரண் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், துணி காய அது ஒன்றுதான் வழி. அம்மாவுக்குக் கம்பளியும், வழுக்காத ரப்பர் செருப்பும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். கிணற்றடிக்குப் போகிற கல்லெல்லாம் ஆடியில் பாசி பிடித்திருக்கும். நான் வருகிற வாரம் அந்த இடத்துப் பக்கம் போகும்போது கயிற்றை அவிழ்த்து அளந்து எழுதுகிறேன்.